மோட்சார்ட் பற்றிய வரலாற்றுக் கூற்றுகளைப் பிறமொழிச் சான்றுகள் கொண்டு சரிபார்த்தல்

வோல்ஃப்காங் அமதேயுஸ் மோட்சார்ட் (27 ஜனவரி 1756 – 5 டிசம்பர் 1791) ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் நகரில் பிறந்து வியன்னாவில் மறைந்த இசையமைப்பாளர் ஆவார். தமிழ் இதழ்களில் இவர் பெயர் மொசார்ட் என்றும் எழுதப்படுகிறது. இவரைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் சில செய்திகள் தவறாமல் இடம்பெறுகின்றன. சக இசையமைப்பாளர் சாலியேரி இவருக்கு நஞ்சு கொடுத்தார். கொட்டும் பனியில், உடன் வர ஒருவருமின்றி, ஏழைகளின் குழியில் இவர் உடல் வீசப்பட்டது. முழு இசைப்படைப்பும் ஒரே நொடியில் இவர் மனத்தில் தோன்றிவிடும் என்பவை அவை. இவற்றுள் எது உண்மை, எது பாதி உண்மை, எது பின்னாளில் சேர்ந்த கதை என்பதை அறிய, அக்காலத்தில் எழுதப்பட்ட ஜெர்மன், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு ஆவணங்களை நோக்கியே செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும் வழியையும், வழியில் எதிர்ப்படும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

தமிழில் மோட்சார்ட் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆங்கில நூல்களையும் இணையப் பக்கங்களையும் பயன்படுத்துகின்றனர். அந்த ஆங்கில நூல்கள் ஜெர்மன் நூல்களிலிருந்து எடுத்தவை. அந்த ஜெர்மன் நூல்களும் அவற்றுக்கு முந்தைய நூல்களிலிருந்து எடுத்தவை. ஆகவே தமிழில் நாம் படிக்கும் ஒரு வரி நான்கு அல்லது ஐந்து கைகள் மாறி வந்ததாக இருக்கலாம். ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் மாறினாலும் போதும், சாதாரண நிகழ்ச்சி சோகக் கதையாகிவிடும், வதந்தி குற்றச்சாட்டாகிவிடும்.

இதில் ஒரு மனிதரின் நற்பெயரும் அடங்கியிருக்கிறது. அந்தோனியோ சாலியேரி (1750–1825) பேத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் ஆகிய மூவருக்கும் ஆசிரியராக இருந்தவர். மோட்சார்ட்டின் இளைய மகனும் இவரிடம் இசை பயின்றார். இன்று உலகெங்கும் பலர் இவரை அறிந்திருப்பது கொலைகாரர் என்ற பெயரால்தான். சான்றில்லாத ஒரு வரியை மீண்டும் எழுதும் ஒவ்வொருவரும் அந்தப் பழியில் பங்கு பெறுகின்றனர்.

சான்றுகளும் அவற்றின் மொழிகளும்

மோட்சார்ட் வாழ்ந்த காலத்து வியன்னாவில் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு மொழி வழங்கியது. மோட்சார்ட் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினர். சால்ஸ்பூர்க் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடு இலத்தீனில் உள்ளது. ஓப்பரா நாடகங்களின் பாடல் வரிகளும் நூல் காணிக்கை உரைகளும் பெரும்பாலும் இத்தாலியத்தில் எழுதப்பட்டன. உயர்குடியினரில் சிலர் நாட்குறிப்பைப் பிரெஞ்சில் எழுதினர். பிற்காலக் கதைகளுள் புகழ்பெற்ற ஒன்று ரஷ்ய மொழியில் பிறந்தது. ஆகவே ஜெர்மன் மட்டும் தெரிந்தவருக்கும் இத்துறையில் எல்லாச் சான்றுகளும் எட்டிவிடுவதில்லை.

சான்றுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது உதவும்.

முதல் வகை, நிகழ்ச்சி நடந்த அதே நாளிலோ அடுத்த சில நாட்களிலோ எழுதப்பட்டவை. பதிவேடு, கடிதம், நாட்குறிப்பு, கணக்குச் சீட்டு, செய்தித்தாள் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் வகை, உடனிருந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்து சொன்னவை. மோட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ கூறியவை பெரும்பாலும் இவ்வகை.

மூன்றாம் வகை, இவற்றைக் கொண்டோ இவை இல்லாமலோ பிறர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளும் நாடகங்களும் திரைப்படங்களும் ஆகும்.

முதல் வகையில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. மூன்றாம் வகையில் இருப்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் முதல் வகைச் சான்று ஒன்றைச் சொல்ல, மூன்றாம் வகை நூல் வேறொன்றைச் சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டியது எழுதுபவரின் கடமை.

பெயர்: ஓர் எளிய தொடக்கம்

இம்முறையைப் பழகுவதற்கு ஏற்ற எளிய எடுத்துக்காட்டு மோட்சார்ட்டின் பெயர். 1756 ஜனவரி 28 அன்று எழுதப்பட்ட இலத்தீன் திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர் 'யோவான்னெஸ் கிறிசோஸ்தோமுஸ் வோல்ஃப்காங்குஸ் தியோஃபிலுஸ்' என்று உள்ளது. அதில் 'அமதேயுஸ்' என்ற சொல்லே இல்லை. தந்தை லெயோபோல்ட் 1756 பிப்ரவரி 9 அன்று ஔக்ஸ்பூர்க் நகரிலிருந்த பதிப்பாளருக்கு எழுதிய ஜெர்மன் கடிதத்தில் அதே பெயரை 'கோட்லீப்' என்று குறிப்பிடுகிறார்.

தியோஃபிலுஸ் என்பது கிரேக்கச் சொல். கோட்லீப் அதன் ஜெர்மன் வடிவம். அமதேயுஸ் அதன் இலத்தீன் வடிவம். மூன்றுக்கும் 'இறையன்பன்' என்பதே பொருள். மோட்சார்ட் வளர்ந்தபின் தம் பெயரைப் பெரும்பாலும் 'அமதே' என்று எழுதினார். 'அமதேயுஸ்' என்ற முழு இலத்தீன் வடிவத்தை, எல்லாச் சொற்களுக்கும் இலத்தீன் விகுதி சேர்த்து விளையாட்டாகக் கையெழுத்திட்டபோது பயன்படுத்தினார். நாம் இன்று வழங்கும் பெயர் அவர் மறைவுக்குப் பின்னரே நிலைபெற்றது.

1782இல் வியன்னாவில் நடந்த அவருடைய திருமணத்தின் பதிவில் 'வோல்ஃப்காங் ஆடம் மோட்சார்ட்' என்று இருக்கிறது. ஆடம் என்பது அவர் பெயரின் எந்த மொழி வடிவமும் அன்று. அரசும் திருச்சபையும் பேணிய பதிவேட்டிலும் பிழை நேரும் என்பதற்கு இது சான்று. ஒரே ஆவணத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது என்பது இதிலிருந்து பெறும் முதல் பாடம்.

'ஏழைகளின் குழி'

மோட்சார்ட் 1791 டிசம்பர் 5 அன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆவதற்குச் சற்று முன்பு, வியன்னாவின் ரௌஹென்ஸ்டைன்காஸ தெருவில் இருந்த தம் வீட்டில் இறந்தார். உடல் நகருக்கு வெளியே இருந்த சங்க்ட் மார்க்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடம் இன்று துல்லியமாகத் தெரியவில்லை. இதிலிருந்தே 'ஏழைகளின் குழி' என்ற கதை வளர்ந்தது.

புனித ஸ்டீபன் தேவாலயக் கணக்கு வேறு செய்தி சொல்கிறது. அடக்கம் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. அதற்கு 8 குல்டன் 56 குரோய்ட்சர் கட்டணமும், சவ வண்டிக்கு 3 குல்டனும் செலுத்தப்பட்டன. 60 குரோய்ட்சர் சேர்ந்தது ஒரு குல்டன். பணம் கட்ட இயலாத வறியவர்களுக்கு வியன்னாவில் அடக்கம் இலவசம். ஆகவே கட்டணம் பெறப்பட்டதே இது வறியோர் அடக்கம் அன்று என்பதைக் காட்டிவிடுகிறது.

மூன்றாம் வகுப்பு அடக்கம் அக்கால வியன்னாவில் நடுத்தர மக்களுக்கு இயல்பான ஒன்று. பேரரசர் இரண்டாம் யோசெஃப் 1784இல் கல்லறைத் தோட்டங்களை நகர எல்லைக்கு வெளியே கொண்டுசென்று, அடக்கச் சடங்குகளை எளிமையாக்கினார். சவப்பெட்டிக்குப் பதில் துணிப்பை போதும் என்ற அவருடைய ஆணைக்கு மக்கள் கடும் எதிர்ப்புக் காட்டியதால் 1785இல் அதைத் திரும்பப் பெற்றார். ஆனால் எளிய அடக்கம் என்ற வழக்கம் தொடர்ந்தது. தேவாலயச் சடங்கு முடிந்தபின் இருட்டிய பிறகு வண்டி உடலைக் கொண்டுசெல்லும். உறவினர் கல்லறைத் தோட்டம் வரை செல்வது வழக்கமில்லை. சொந்தக் கல்லறை வாங்காதவர்களின் இடம் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பயன்படுத்தப்படும் என்பதால் நிலையான நினைவுக்கல்லும் நடப்படாது. எனவே 'யாரும் உடன் செல்லவில்லை', 'கல்லறை தெரியவில்லை' என்னும் இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவற்றிலிருந்து 'கைவிடப்பட்டார்' என்ற முடிவு கிடைக்காது.

இங்கு ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. இவ்வகைக் கல்லறையை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லுக்குப் 'பொதுமக்களுக்கான கல்லறை' என்றும், 'பலரையும் சேர்த்துப் புதைக்கும் குழி' என்றும் இரு பொருள் கொள்ள இடம் உண்டு. தமிழில் 'பொதுக் குழி' என்று பெயர்த்தவுடன் முதல் பொருள் மறைந்து இரண்டாம் பொருள் மட்டும் நின்றுவிடுகிறது. பின்னர் வருபவர் அதற்கு 'ஏழைகளின்' என்ற அடையையும் சேர்த்துவிடுகிறார்.

வறுமை பற்றிய கூற்றையும் இவ்வாறே அளந்து பார்க்க வேண்டும். மோட்சார்ட் தம் நண்பர் மிஷாயெல் புக்பெர்க்கிடம் கடன் கேட்டு எழுதிய ஜெர்மன் கடிதங்கள் பல கிடைத்துள்ளன. ஆகவே பணமுடை இருந்தது உண்மை. ஆனால் 1787 டிசம்பர் முதல் அரசவை இசையமைப்பாளராக ஆண்டுக்கு 800 குல்டன் ஊதியமும் அவருக்கு இருந்தது. 1991இல் வியன்னா ஆவணக் காப்பகத்தில் வால்ட்டர் பிரௌனைஸ் கண்டறிந்த நீதிமன்றக் குறிப்பு ஒன்று, இளவரசர் கார்ல் லிஷ்னோவ்ஸ்கிக்கு மோட்சார்ட் 1,435 குல்டன் 32 குரோய்ட்சர் தர வேண்டும் என்று 1791 நவம்பரில் தீர்ப்பானதைக் காட்டுகிறது. வருமானமில்லாத வறியவர் என்பதைவிட, வருமானமும் பெருங்கடனும் ஒருங்கே உடையவர் என்பதே ஆவணங்களுக்குப் பொருந்தும்.

பனிப்புயல்

அடக்கத்தன்று பனிப்புயல் வீசியதால் நண்பர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டனர் என்ற செய்தி நெடுங்காலம் வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெற்றது. இதைப் பரப்பியது 1856 ஜனவரியில், மோட்சார்ட்டின் நூற்றாண்டு விழாவின்போது, வியன்னா நாளிதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை. அதாவது நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ 64 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது.

நிக்கொலாஸ் ஸ்லோனிம்ஸ்கி என்ற இசை ஆய்வாளர் 1960இல் இதை எளிய முறையில் சோதித்தார். இசை நூல்களை விட்டுவிட்டு வானிலைக் குறிப்புகளைத் தேடினார். வியன்னாவில் வாழ்ந்த கார்ல் ட்சின்சென்டோர்ஃப் என்ற பிரபு நாள்தோறும் பிரெஞ்சு மொழியில் நாட்குறிப்பு எழுதி வந்தவர். வானிலையையும் தவறாமல் குறிப்பவர். 1791 டிசம்பர் 6 அன்று அவர் இதமான வானிலை என்றும் அடிக்கடி மூடுபனி என்றும் எழுதியிருக்கிறார். வியன்னா வானாய்வகத்தின் அன்றைய பதிவும் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் மெல்லிய கிழக்குக் காற்றையும் காட்டுகிறது. பனிப்புயலுக்கு அங்கு இடமில்லை.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பதிவேட்டில் டிசம்பர் 6 என்று இருந்தாலும், இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே இருக்க வேண்டிய கால இடைவெளியைக் கணக்கிட்டு, அடக்கம் 7ஆம் நாள் நடந்திருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். ஆகவே 'டிசம்பர் 6 அன்று பனிப்புயல் இல்லை' என்பது உறுதி. அடக்க நாள் பற்றி எழுதும்போது 'பதிவேட்டின்படி' என்று சேர்த்து எழுதுவதே முறை. ட்சின்சென்டோர்ஃப் மோட்சார்ட்டை நினைத்து அந்த வரியை எழுதவில்லை. ஒரு வாதத்தில் பங்கில்லாதவர் வேறு நோக்கத்துக்காக எழுதிய குறிப்பு, அவ்வாதத்தில் பெரும்பாலும் நம்பகமான சான்றாக அமைகிறது.

நஞ்சும் சாலியேரியும்

இறப்புப் பதிவில் காரணமாகக் குறிக்கப்பட்டிருப்பது 'ஹிட்ஸிகெஸ் ஃப்ரீஸல்ஃபீபர்' என்னும் ஜெர்மன் தொடர். உடலில் தினையளவுச் சிறு கொப்புளங்களுடன் வரும் கடுங்காய்ச்சல் என்று இதற்குப் பொருள் கூறலாம். இது கண்ணுக்குத் தெரிந்த அறிகுறியின் பெயரே தவிர, இன்றைய மருத்துவத்தில் ஒரு குறிப்பிட்ட நோயின் பெயர் அன்று. இதை ஏதேனும் ஒரு நவீன நோயின் பெயரால் மொழிபெயர்ப்பது மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதாகும். 2009இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு, வியன்னாவின் இறப்புப் பதிவேடுகளை ஒப்பிட்டு, அந்தக் குளிர்காலத்தில் இளம் ஆண்களிடையே உடல் வீக்கத்துடன் கூடிய இறப்புகள் மிகுந்திருந்ததைக் காட்டி, தொற்றுநோயாக இருக்கலாம் என்று கருதியது. அதுவும் ஒரு கருதுகோள்தான்.

நஞ்சுக் கதையின் வளர்ச்சியை ஆண்டு வரிசையில் நிறுத்திப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும்.

1791 டிசம்பர் 31: பெர்லின் இசை வார இதழ் ஒன்று, இறந்தபின் உடல் வீங்கியதால் நஞ்சூட்டப்பட்டிருக்கலாம் என்று சிலர் எண்ணுவதாகச் செய்தி வெளியிட்டது. அதில் யார் பெயரும் இல்லை.

1798: பிராகா நகரில் ஃபிரான்ஸ் நீமெட்ஷெக் வெளியிட்ட ஜெர்மன் வாழ்க்கை வரலாறு, தமக்கு யாரோ நஞ்சு கொடுத்துவிட்டதாக மோட்சார்ட்டே மனைவியிடம் சொன்னதாகக் கூறுகிறது. இது கான்ஸ்டன்ஸவின் நினைவிலிருந்து வந்தது. இதிலும் சாலியேரியின் பெயர் இல்லை.

1823–1825: முதுமையில் மனநலம் குன்றி மருத்துவமனையில் இருந்த சாலியேரி தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வியன்னாவில் வதந்தி பரவியது. காது கேளாத பேத்தோவனிடம் நண்பர்கள் எழுதிக் காட்டிப் பேசிய உரையாடல் ஏடுகளிலும் இவ்வதந்தி பதிவாகியுள்ளது. ஆனால் சாலியேரியை நேரில் சென்று பார்த்த இசைக்கலைஞர் இக்னாட்ஸ் மோஷெலெஸ், அவர் அதை மறுத்ததாகவே குறித்துள்ளார். உடனிருந்து பணிவிடை செய்த இருவரும் அப்படிப்பட்ட பேச்சைத் தாங்கள் கேட்டதில்லை என்று எழுத்தில் அளித்தனர்.

1824: ஜுசெப்பே கார்ப்பானி மிலான் நகர இதழில் இத்தாலிய மொழியில் மறுப்புக் கட்டுரை எழுதினார். அதில் குல்டெனர் என்ற மருத்துவரின் கடிதம் இடம்பெற்றது. மோட்சார்ட்டுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுடன் அப்போது பேசியவர் அவர். நகரில் அச்சமயம் பலருக்கும் வந்த காய்ச்சலே இது என்றும், நஞ்சுக்கான அடையாளம் எதையும் மருத்துவர்கள் காணவில்லை என்றும் அவர் கூறினார்.

1830: அலெக்சாந்தர் புஷ்கின் ரஷ்ய மொழியில் 'மோட்சார்ட்டும் சாலியேரியும்' என்ற குறுநாடகத்தை எழுதினார். மேடையில் சாலியேரி நஞ்சு கலப்பதை அதில் காண்கிறோம். ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் இதை ஓப்பராவாக்கினார். பீட்டர் ஷாஃபர் 1979இல் எழுதிய ஆங்கில நாடகமும், அதிலிருந்து 1984இல் மிலோஷ் ஃபோர்மன் எடுத்த 'அமதேயுஸ்' திரைப்படமும் பகைமைக் கதையை உலகெங்கும் கொண்டுசென்றன.

வரிசையைப் பார்த்தால், பெயரில்லாத ஐயத்துக்கு 30 ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பெயர் பரவலாக ஒட்டிக்கொள்வது தெரிகிறது. நாடகமும் திரைப்படமும் கற்பனைப் படைப்புகள். அவற்றைக் குறை கூறுவதில் பொருளில்லை. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதே தவறு.

இனி, அக்காலத்து ஆவணங்கள். மோட்சார்ட் 1791 அக்டோபர் 14 அன்று, பாடன் நகரிலிருந்த மனைவிக்கு எழுதிய ஜெர்மன் கடிதம் கிடைத்துள்ளது. கிடைத்தவற்றுள் அவருடைய கடைசிக் கடிதம் இதுவே. முந்தைய நாள் மாலை சாலியேரியையும் பாடகி காவலியேரியையும் தாமே வண்டியில் அழைத்துச் சென்று 'மந்திரப் புல்லாங்குழல்' ஓப்பராவைக் காட்டியதாகவும், சாலியேரி தொடக்கம் முதல் முடிவு வரை கவனமாகக் கேட்டு ஒவ்வொரு பகுதியையும் வாய்விட்டுப் பாராட்டியதாகவும் மகிழ்ச்சியோடு அதில் எழுதியிருக்கிறார். ஏழு வாரங்களில் அவர் இறந்துவிட்டார்.

மற்றொரு சான்று அண்மையில் வெளிப்பட்டது. பாடகி நான்சி ஸ்டோரேஸ் உடல்நலம் தேறியதைக் கொண்டாடி 1785இல் லொரென்சோ தா போன்தே எழுதிய இத்தாலியப் பாடலுக்கு மோட்சார்ட், சாலியேரி, கோர்னெத்தி ஆகிய மூவரும் சேர்ந்து இசையமைத்திருந்தனர். தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த இசையின் அச்சுப் பிரதி பிராகாவிலுள்ள செக் இசை அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருந்தது. தீமோ யோக்கோ ஹெர்மன் என்ற ஆய்வாளர் அதை இனங்கண்டார். 2016 தொடக்கத்தில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது.

இதற்கு மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. 1783 மே மாதம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் தா போன்தே சாலியேரியுடன் சேர்ந்துகொண்டால் தமக்கு வரிகள் கிடைக்காது என்று மோட்சார்ட் கவலைப்படுகிறார். 1786இல் லெயோபோல்ட் தம் மகளுக்கு எழுதும்போது சாலியேரி தரப்பின் சூழ்ச்சிகளைக் குறிப்பிடுகிறார். ஆகவே தொழிற்போட்டி இருந்தது, மனக்கசப்பும் இருந்தது. கொலைக்குச் சான்று இல்லை. 'இருவரும் உயிர் நண்பர்கள்' என்று மறுபக்கம் சாய்ந்து எழுதுவதும் ஆவணங்களுக்குப் பொருந்தாது.

1815ஆம் ஆண்டுக் 'கடிதம்'

லைப்சிக் நகரில் வெளிவந்த 'அல்கெமைன முசிக்காலிஷ ட்சைட்டுங்' என்ற இசை இதழ் 1815இல் மோட்சார்ட் ஒரு பிரபுவுக்கு எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. வெளியிட்டவர் ஃபிரீட்ரிக் ரொக்லிட்ஸ். இசை முழுவதும் ஒரு படம் போல மனத்தில் ஒரே சமயத்தில் தோன்றிவிடும் என்று அதில் சொல்லப்படுகிறது. பெயர் குறிப்பிடாத அந்தப் பிரபு யார் என்று தெரியவில்லை. மூலக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. நடையும் மோட்சார்ட்டின் பிற கடிதங்களோடு ஒத்துப்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதிய ஓட்டோ யான் இதை ஐயுற்றார். இன்று ஆய்வாளர்கள் இதை மோட்சார்ட்டின் கடிதமாக ஏற்பதில்லை.

ஆயினும் கணிதவியலாளர் ஷாக் ஹாடமார் 1945இல் கணிதப் படைப்பாற்றல் பற்றி எழுதிய நூலிலும், இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989இல் வெளியிட்ட நூலிலும் இது மோட்சார்ட்டின் சொல்லாகவே எடுத்தாளப்பட்டது. அறிஞர்களின் நூலில் இருப்பதால் மட்டும் ஒரு மேற்கோள் மெய்யாகிவிடாது. அவர்கள் தங்கள் துறையில் வல்லவர்கள். ஆனால் இந்தக் கடிதத்தை அவர்களும் வேறொருவரிடமிருந்தே பெற்றனர்.

உண்மையான ஆவணங்கள் காட்டும் மோட்சார்ட் இதைவிடச் சுவையானவர். 1785இல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு நால்வர் இசைப்படைப்புகளின் இத்தாலிய முன்னுரையில், அவை நீண்ட கடும் உழைப்பின் பயன் என்று அவரே கூறுகிறார். பல நூறு வரைவுகளும் முடிவுறாத் துண்டுகளும் கிடைத்துள்ளன. ஆலன் டைசன் தாள்களின் நீர்க்குறிகளை ஆராய்ந்து, சில படைப்புகளை மோட்சார்ட் பாதியில் நிறுத்தி நெடுநாள் கழித்துத் தொடர்ந்திருப்பதை நிறுவினார். மறுபுறம், 1780 டிசம்பர் 30 அன்று தந்தைக்கு எழுதிய ஐயத்துக்கிடமில்லாத கடிதத்தில், எல்லாம் இயற்றியாகிவிட்டது, இன்னும் எழுதவில்லை என்ற பொருள்படச் சொல்கிறார். மனத்திலேயே வெகுதூரம் இயற்றும் ஆற்றலும் உண்டு, தாளில் திருத்தித் திருத்தி உழைத்த பழக்கமும் உண்டு என்பதே சரியான சித்திரம். அருள் கிடைத்தவருக்கு உழைப்பு வேண்டாம் என்று இசை பயிலும் மாணவரிடம் சொல்ல இந்த ஆவணங்கள் இடம் தருவதில்லை.

ஆவணத்திலேயே கலப்படம்

மூல ஆவணத்தைக் கண்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. முன்னர்க் குறித்த பேத்தோவனின் உரையாடல் ஏடுகள் அவர் இறந்தபின் உதவியாளர் அந்தோன் ஷிண்ட்லரிடம் இருந்தன. தாம் பேத்தோவனுக்கு மிக நெருக்கமானவர் என்று காட்டுவதற்காக, வெற்றிடங்களில் அவர் புதிய உரையாடல்களை எழுதிச் சேர்த்தார். கிழக்கு பெர்லினில் அவ்வேடுகளைப் பதிப்பித்த ஆய்வாளர்கள் 1970களில் இதைக் கண்டறிந்து வெளியிட்டனர். போலிப் பதிவுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அதற்கு முன் எழுதப்பட்ட பல பேத்தோவன் நூல்கள் அவற்றை மெய்யென நம்பியவை. ஆகவே ஒரு நூல் எந்த ஆண்டு வெளிவந்தது என்று பார்ப்பதும் சரிபார்த்தலின் பகுதியாகும்.

மொழியும் எழுத்தும் தரும் இடர்ப்பாடுகள்

எழுத்து வடிவம்: அக்கால ஜெர்மன் அச்சு நூல்கள் 'ஃப்ராக்டூர்' என்ற கோண எழுத்தில் உள்ளன. அதில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும். கையெழுத்தான 'குர்ரென்ட்' வடிவில் 'ஈ' எழுத்து 'என்' போல இருக்கும். கணினி எழுத்துணரி இவற்றை மாற்றிப் படித்தால், அதை நம்பும் மொழிபெயர்ப்புச் செயலியும் பொருளற்ற சொல்லுக்கு ஒரு பொருளைக் கற்பித்துவிடும்.

மாதப் பெயர்: கடிதங்களில் 7, 8, 9, 10 என்ற எண்களுடன் 'பெர்' என்ற விகுதி சேர்த்து மாதத்தைக் குறித்தனர். இலத்தீனில் ஏழு 'செப்தெம்', பத்து 'தெசெம்'. எனவே 7 என்பது செப்டம்பர், 10 என்பது டிசம்பர். பத்தாம் மாதம் அக்டோபர் என்று கொண்டால் இரண்டு மாதங்கள் தவறிவிடும்.

பதிவேட்டு நாள்: தேவாலயப் பதிவேட்டில் உள்ள நாள் திருமுழுக்கு நாளாக இருக்கலாம். பேத்தோவன் 1770 டிசம்பர் 17 அன்று திருமுழுக்குப் பெற்றார் என்பதே ஆவணம். டிசம்பர் 16 அவருடைய பிறந்தநாள் என்பது அதிலிருந்து ஊகித்தது.

பணம்: குல்டனை நேரடியாக ரூபாயாக மாற்றி எழுதுவது வாசகரைத் திசைதிருப்பும். அதே காலத்து ஊதியத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவதே நல்லது.

நாட்காட்டி: ரஷ்யாவில் 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி வழங்கியதால், ரஷ்ய மூலங்களின் நாட்களை மேலை ஐரோப்பிய நாட்களோடு ஒப்பிடும்போது திருத்தம் தேவை.

சரிபார்க்கும் படிகள்

1. கூற்றைத் தனித்தனி வரிகளாகப் பிரிக்க வேண்டும். 'பனிப்புயலில் ஏழைகளின் குழியில் தனியே அடக்கம்' என்பதில் வானிலை, அடக்க வகை, உடன் சென்றோர் என மூன்று கூற்றுகள் உள்ளன. ஒன்று பொய்யானாலும் மற்றவை மெய்யாக இருக்கலாம்.

2. ஒவ்வொன்றும் முதன்முதலில் எந்த ஆண்டு, எந்த மொழியில் எழுதப்பட்டது என்று பின்னோக்கித் தேட வேண்டும். நிகழ்ச்சிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. எழுதியவர் நேரில் கண்டவரா, கேட்டுச் சொன்னவரா, அதனால் பயன் பெறுபவரா என்று பார்க்க வேண்டும்.

4. மூலப் பத்தியை முன்பின் பத்திகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் இரண்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட வேண்டும். அவை வேறுபடும் இடமே நாம் கவனிக்க வேண்டிய இடம். இயந்திர மொழிபெயர்ப்பு தேடுவதற்கு உதவும். முடிவு செய்வதற்கு அது மட்டும் போதாது.

5. தொடர்பற்ற வேறொரு சான்றால் உறுதி செய்ய வேண்டும். ஒரே நூலிலிருந்து எடுத்த பத்து நூல்கள் பத்துச் சான்றுகள் ஆகா.

இவற்றுக்குத் தேவையான மூலங்கள் பல இன்று வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. சால்ஸ்பூர்க் மோட்சார்ட்டேயும் நிறுவனம் குடும்பக் கடிதங்களையும் இசைப் பதிப்பையும் இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. ஆஸ்திரியத் தேசிய நூலகத்தின் 'அன்னோ' தளத்தில் பழைய செய்தித்தாள்களின் பக்கங்களைக் காணலாம். 'மத்ரிகுலா' தளத்தில் தேவாலயப் பதிவேடுகளின் படங்கள் உள்ளன. ஓட்டோ எரிக் டொய்ச் 1961இல் தொகுத்த ஆவணத் தொகுப்பு ஆங்கிலத்திலும் வந்துள்ளது. எமிலி ஆண்டர்சனின் ஆங்கிலக் கடித மொழிபெயர்ப்பு ஒப்பிடுவதற்கு ஏற்றது.

தமிழில் எழுதும் முறை

சரிபார்த்தபின் எழுதும் வாக்கியத்தின் வினைமுற்றே சான்றின் வலிமையைக் காட்ட வேண்டும். பதிவேட்டில் உள்ளதைப் 'பதிவாகியுள்ளது' என்றும், நினைவுகூர்ந்ததை 'பின்னாளில் கூறினார்' என்றும், வதந்தியை 'என்ற பேச்சு பரவியது' என்றும் எழுதலாம். இவை அனைத்தையும் 'நடந்தது' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும்போதுதான் சாலியேரி கொலைகாரர் ஆகிறார்.

பொய்யென்று தெரிந்த கதையை அடியோடு நீக்கிவிடவும் தேவையில்லை. வாசகர் அதை வேறிடத்தில் படித்திருப்பார். இங்கு காணாவிட்டால் கட்டுரை குறையுடையது என்று எண்ணுவார். கதை எந்த ஆண்டு, யாரால், எந்த மொழியில் தொடங்கியது என்று சொல்லி, அதற்கு எதிரான ஆவணத்தையும் அடுத்து வைத்தால், வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவர், 'சாலியேரி நஞ்சு கொடுத்தார்' என்பதற்குப் பதிலாக, 'சாலியேரி நஞ்சு கொடுத்தார் என்ற வதந்தி 1820களில் வியன்னாவில் பரவியது. அதற்குச் சான்று இல்லை' என்று எழுதினால், கூடுதலாக எழுதிய அந்தச் சில சொற்களே வரலாற்றையும் கதையையும் பிரித்து வைக்கின்றன.